எழுபது டாலர் அட்டை

2018 ஜனவரி 17 அன்று நிண்டெண்டோ நிறுவனம் ஒரு சிறு காணொளியை வெளியிட்டது. அதில் ஆட்கள் பழுப்பு அட்டையை மடித்துப் பியானோ செய்தார்கள், தூண்டில் செய்தார்கள், முதுகில் ஓர் அட்டைப்பெட்டியை மாட்டிக்கொண்டு கையை வீசித் திரையில் இருந்த கட்டடங்களை இடித்தார்கள். பெயர் லாபோ. அதன் ஸ்விட்ச் என்னும் வீடியோ கேம் கருவி வெளிவந்து ஓராண்டுகூட நிறையாத நேரம் அது. அடுத்து என்ன பெரிய விளையாட்டு வரப்போகிறது என்று காத்திருந்தவர்களின் முன்னால் நிறுவனம் கொண்டுவந்து வைத்தது அட்டை.

ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தபோது, பல பொம்மைகள் அடங்கிய முதல் தொகுப்பின் விலை 69.99 டாலர், ரோபோ தொகுப்பு 79.99 டாலர். பசை வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். அச்சில் வெட்டி மடிப்புக் கோடு போட்ட அட்டைத் தாள்கள், கொஞ்சம் கயிறு, சில ரப்பர் பேண்டுகள், ஒளியைத் திருப்பியனுப்பும் ஸ்டிக்கர்கள், விளையாட்டு அடங்கிய ஒரு கார்ட்ரிட்ஜ். மீதி வேலை வாங்கியவருடையது. கடைக்காரர்கள் குப்பையில் போடும் அட்டைக்கு எழுபது டாலரா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா வீட்டிலும் இந்த வழக்கு நடந்தது. “அட்டைதான் வேண்டுமென்றால் காரேஜில் பத்துப் பெட்டி கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்” என்றார் மாமா. “அதில் ஒன்றைப் பியானோவாக ஆக்கிக் காட்டுங்கள், வாங்க வேண்டாம்” என்றாள் அக்கா. தொகுப்பு வாங்கப்பட்டது. வாதத்தில் அக்கா வென்றாள் என்றாலும் மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. அந்தக் காலத்தில் ஸ்விட்சுக்கு வந்த பெரிய விளையாட்டு ஒவ்வொன்றும் 59.99 டாலர். அப்படியானால் லாபோவில் அட்டைக்கென்று கூடுதலாகக் கேட்டது பத்து டாலர். அந்தப் பத்து டாலருக்கு ரிமோட் கார், தூண்டில், வீடு, மோட்டார் பைக், பியானோ என்று ஐந்து வகைப் பொம்மைகள். கார் மட்டும் இரண்டு. அட்டைக்கு இது அநியாய விலை என்று யாராலும் சொல்ல முடியாது. சண்டை போடுவதென்றால் அறுபது டாலரோடுதான் போட வேண்டும். கார்ட்ரிட்ஜில் இருக்கும் விளையாட்டு ஒரு முழு விளையாட்டின் விலைக்குத் தகுமா?

இங்கே எதிர்த்தரப்பின் கை ஓங்குகிறது. மறைக்க வேண்டியதில்லை. கார் நேராகப் போகும், வளைந்து போகும், இன்னொரு காரை முட்டித் தள்ளும். அரைமணி நேரத்தில் அதன் எல்லை தெரிந்துவிடும். பைக்கில் பந்தயம் இருக்கிறது. நிண்டெண்டோவின் புகழ்பெற்ற மரியோ கார்ட்டை அறிந்தவர்களுக்கு அது ஏழை வீட்டுப் பந்தயமாகத்தான் படும். அது நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்: 2018 ஜூனிலேயே மரியோ கார்ட் 8 டீலக்ஸை இந்த அட்டைக் கைப்பிடியால் ஓட்டலாம் என்று ஒரு புதுப்பிப்பை வெளியிட்டார்கள். தூண்டில் மட்டும் நின்று பிடிக்கும். ஆழத்துக்கு ஆழம் மீன் மாறுகிறது, கயிறு இழுபடும்போது கை உணர்கிறது, சுற்றும்போது அட்டைச் சுருளுக்குள்ளிருந்து கிர்ரென்று சத்தம் வருகிறது. ஆனாலும் ஒரு வாரத்துக்குப் பிறகு தூண்டிலைத் தேடி எடுத்த பிள்ளையை நான் பார்க்கவில்லை.

அப்படியென்றால் அந்த அறுபது டாலர் எங்கே போயிற்று?

நிண்டெண்டோவே பெட்டிகளுக்குச் சொன்ன நேரக்கணக்கைப் பாருங்கள். கார் செய்யப் பத்து நிமிடம். தூண்டிலுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம்; பைக்குக்கும் அதே. வீட்டுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம். பியானோவுக்கு இரண்டரை முதல் மூன்றரை. ரோபோ தனித் தொகுப்பு. அதற்கு மூன்று முதல் நான்கு மணி. முதல் தொகுப்பைக் கூட்டினால், குறைந்தது ஏழரை மணி நேரத்துக்கும் மேல், பொறுமையாகச் செய்தால் பதினொன்றரைக்கும் மேல். இதில் ‘விளையாட்டு’ இன்னும் தொடங்கவே இல்லை.

இந்த நேரத்தில்தான் பணம் இருக்கிறது. அச்சிட்ட வழிகாட்டி ஏதும் கிடையாது. ஸ்விட்ச் திரையே வழிகாட்டி. ஒவ்வொரு மடிப்பும் அசைபடமாக வரும். விரலால் திருப்பி அட்டையின் பின்பக்கத்தையும் பார்க்கலாம். புரியவில்லையென்றால் பின்னோக்கி ஓட்டலாம், தெரிந்த இடத்தில் வேகமாக ஓட்டலாம். மடிக்கும்போது திரையிலும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். கையில் இருக்கும் அட்டையும் அதே நேரத்தில் ‘டக்’ என்று படியும். வார்த்தைகள் குறைவு, கிண்டல் நிறைய. “இது எதற்கு என்று இப்போது கேட்காதே” என்ற பாணியில் பேசிக்கொண்டே ஒரு பத்து வயதுப் பிள்ளையை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிடுகிறது. பொருள் வாங்கியதும் கூட வரும் காகிதத்தை விரித்து, ‘அ’ திருகை ‘ஆ’ துளையில் நுழைப்பது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். லாபோவின் உண்மையான படைப்பு இந்த வழிகாட்டிதான் என்பது என் எண்ணம். தூண்டிலும் பியானோவும் அதன் உதாரணங்கள்.

அட்டைக்குள் என்ன நடக்கிறது என்பது அடுத்த சுவை. ஸ்விட்சின் வலப்பக்கக் கைக்கருவியான ஜாய்கானின் அடியில் ஒரு சிறிய அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. கருவி வெளியான 2017 முதல் அது அங்கேயே இருந்தாலும் அதற்கு உருப்படியான வேலை கொடுத்தவர்கள் அதிகமில்லை. லாபோ அதைத்தான் பிடித்துக்கொண்டது. பியானோவுக்குள் பின்பக்கமாக ஜாய்கானைச் செருகுகிறோம். பதின்மூன்று அட்டைக் கட்டைகள். ஒவ்வொன்றின் பின்முனையிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு ஸ்டிக்கர் துண்டு. விரலால் முன்முனையை அழுத்தினால் பின்முனை மேலே எழும். ஸ்டிக்கர் கேமராவின் பார்வைக்குள் வரும். எந்த இடத்தில் ஒளி தெரிகிறது என்பதை வைத்து எந்தச் சுரம் என்று கருவி முடிவு செய்யும். மின்கம்பி கிடையாது, மின்பொத்தான் கிடையாது. சீசா பலகையின் தத்துவமும் ஒரு கேமராவும் மட்டுமே. அட்டை வீட்டில் பக்கவாட்டிலும் அடியிலும் செருகும் பொத்தானும் திருகும் கைப்பிடியும் இதே வித்தைதான். ரோபோவில் கையும் காலும் கயிறுகளால் முதுகுப்பெட்டியோடு இணைந்திருக்கும்; கையை நீட்டினால் பெட்டிக்குள் ஓர் அட்டைக் கட்டை மேலேறும், அதிலிருக்கும் ஸ்டிக்கரைக் கேமரா பார்க்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் நெசவுத் தறியின் பின்புறம்போல் இருக்கும்.

காருக்குக் கேமராகூட அவசியமில்லை. இரண்டு பக்கமும் செருகிய ஜாய்கான்கள் அதிர்கின்றன. அட்டைக் கால்கள் அந்த அதிர்வில் நகர்கின்றன. ஒரு பக்கம் கூடுதலாக அதிர்ந்தால் வண்டி திரும்புகிறது. அவ்வளவுதான். முதல் முறை பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாமாகூடக் கீழே குனிந்து பார்த்தார்.

பியானோவில் இன்னொரு ரகசியம் உண்டு. அதன் மேலே ஒரு பிளவு. ஓர் அட்டைத் துண்டின் மேல்விளிம்பை மலைத்தொடர்போல் வெட்டி அதில் செருகினால், கேமரா அந்த விளிம்பை வருடிப் படித்து அதையே ஒலியலையின் வடிவமாக எடுத்துக்கொள்ளும். கூரான பற்களாக வெட்டினால் ஒரு குரல், வழுவழுப்பாக வெட்டினால் வேறு குரல். அதே பிளவில் மீன்போல் வெட்டிய தாளைச் செருகினால் அது திரையில் ஒரு மீனாகிவிடும். பிறகு அதையே தூண்டில் போட்டுப் பிடிக்கலாம். ஒலியலை என்றால் என்னவென்று பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே கண்ட எனக்கு, அதைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காதால் கேட்டது அந்த எழுபது டாலரில் பாதியை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டது. அக்கா மகளுக்கு மீன்தான் பிடித்தது. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அட்டையில் விளையாட்டுப் பொருள் செய்ய நிண்டெண்டோவுக்கு எங்கிருந்து தோன்றியது என்று வியப்பவர்கள் அதன் பிறந்த கதையை மறந்துவிடுகிறார்கள். 1889இல் கியோட்டோவில் புசாஜிரோ யமாவுச்சி தொடங்கியது ஹனபுடா என்னும் பூச்சீட்டுகளைச் செய்யும் கடை. ஆக, முதலில் இருந்தது காகிதம். மின்னணு வந்தது முக்கால் நூற்றாண்டுக்கும் பிறகு. அந்த மாற்றத்தின் நடுவில் நிற்பவர் குன்பெய் யோகோய். தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்க வந்தவர் பொழுதுபோக்காகச் செய்த நீளும் கை, 1966இல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்து பெரும் வெற்றி பெற்றது. பழகிப்போன, மலிவான தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத பக்கமாகத் திருப்புவது அவர் விட்டுச்சென்ற கொள்கை. அட்டையைவிடப் பழகிப்போன பொருள் வேறென்ன இருக்கிறது? லாபோவை இயக்கிய சுபாசா சகாகுச்சி ஸ்ப்ளட்டூன் விளையாட்டின் இயக்குநர்களில் ஒருவர். சுடும் விளையாட்டில் குண்டுக்குப் பதில் மையை வைத்தவர்கள் அட்டையை எடுத்ததில் பெரிய வியப்பில்லை.

விமர்சகர்களும் வியப்பைவிட மரியாதையையே காட்டினார்கள். 2019இல் பிரிட்டனின் பாஃப்டா விளையாட்டு விருதுகளில் புதுமைக்கான விருதும் குடும்ப விளையாட்டுக்கான விருதும் லாபோவுக்கே கிடைத்தன. நியூயார்க்கின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிளே அமைப்போடு சேர்ந்து சுமார் 100 பள்ளிகளில், எட்டிலிருந்து பதினொரு வயது வரையுள்ள 2,000 பிள்ளைகளிடம் இதைக் கொண்டுசேர்க்கும் திட்டமும் 2018 அக்டோபரில் தொடங்கியது. வகுப்பறை இதற்குப் பொருத்தமான இடம்தான். அங்கே ஒரே தொகுப்பு கூட்டமாக மடிக்கப்படும். எதற்காக மடிக்கிறோம் என்று கேட்க ஓர் ஆசிரியர் இருப்பார். வீட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை, அல்லது சோபாவில் போனோடு இருப்பார்கள்.

விருது வேறு, விற்பனை வேறு. முதல் இரண்டு தொகுப்புகளும் சேர்ந்து 2018 ஜூன் இறுதிக்குள் 13 லட்சத்து 90 ஆயிரம் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. சின்ன எண்ணிக்கையன்று. ஆனால் பல லட்சம் வீடுகளில் அட்டைப் பியானோ அலமாரியின் மேல் ஏறிய பிறகு அடுத்த தொகுப்பை வாங்க அந்த வீட்டார் அவசரப்படவில்லை. செப்டம்பரில் ஸ்டியரிங்கும் மிதியும் உள்ள வாகனத் தொகுப்பு வந்தது. என் கணக்கில் நான்கு தொகுப்புகளிலும் அதிக நாள் விளையாடத் தகுந்தது அதுதான். 2019 ஏப்ரலில் மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடித் தொகுப்பு. அதோடு நின்றது.

அந்தக் கடைசித் தொகுப்பில்தான் எதிர்த்தரப்புக்கு முழு வெற்றி. அட்டைக் கண்ணாடி என்றவுடன், போனைச் செருகிப் பார்க்கும் கூகுளின் கார்ட்போர்டு நினைவுக்கு வருகிறது. 2014இல் வந்த அதன் வரைபடத்தையே இலவசமாகக் கொடுத்தார்கள். லென்ஸ் மட்டும் கிடைத்தால் வீட்டிலேயே வெட்டிச் செய்துகொள்ளலாம். 2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் வாசகர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் அதை அனுப்பிவைத்தது. அது ஒரு மாதிரியாக, ருசி காட்டுவதாக மட்டுமே இருந்தது. அதற்குமேல் எதையும் வாக்களிக்கவில்லை. லாபோவின் முழு மெய்நிகர்த் தொகுப்போ 79.99 டாலர். ஸ்விட்சின் திரை 1280க்கு 720 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் பிரித்தால் ஒரு கண்ணுக்கு 640க்கு 720. கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கும்போது புள்ளிகள் கொசுவலைபோல் தெரிகின்றன. தலையில் கட்ட வாரும் கிடையாது. கையால் பிடித்தபடியே பார்க்க வேண்டும். செல்டாவின் பெரிய சாகச விளையாட்டை இதன்வழியே பார்க்க அனுமதித்தார்கள். பத்து நிமிடம் பார்த்தேன், அன்று மாலை வரை தலை சுற்றியது. யானை, பறவை, கேமரா என்று கண்ணாடியோடு மாட்டும் அட்டை உருவங்கள் அழகானவை. அவற்றைச் செய்யும் நேரமும் இனியது. செய்து முடித்தபின் கண்ணை வைக்காமல் இருந்தால் இன்னும் இனியது.

அட்டை எத்தனை நாள் வரும் என்பது அடுத்த சச்சரவு. நெளி அட்டை நினைப்பதைவிட வலுவானது. உள்ளே இருக்கும் நெளிவுகள் ஓடும் திசையில் அது சிறிய தூண்களின் வரிசை. சுமை அந்தத் திசையில் விழுமாறு பாகங்களை வெட்டியிருக்கிறார்கள். அதிகம் தேயும் இடங்களில் இரட்டையாக மடித்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளை அடித்து உடைப்பது அரிது. எதிரிகள் வேறு: ஈரம், கவிழ்ந்த பால், மேலே உட்காரும் தம்பி. ஈரக்காற்றில் நெளிவு இளகி, பியானோக் கட்டைகள் எழும் உயரம் குறைந்தால் கேமராவுக்கு ஸ்டிக்கர் தெரியாமல் போகும். அட்டை கிழிந்தால் வேறு அட்டையில் அதே வடிவத்தை வரைந்து வெட்டலாம். உண்மையில் இந்தப் பொருளின் மிகச் சிறந்த குணம் இதுதான். பிளாஸ்டிக் ஸ்டியரிங் உடைந்தால் குப்பை. அட்டை ஸ்டியரிங் உடைந்தால் மாமாவின் காரேஜில் பத்துப் பெட்டி இருக்கிறது. அவர் சொன்னதில் பாதி இப்படித்தான் பலித்தது.

இடம் இன்னொரு பிரச்சினை. லெகோவைக் கழற்றிப் பெட்டியில் போடலாம். நாளை வேறு ஒன்று கட்டலாம். மடித்து, நுழைத்து, பூட்டிய அட்டையைக் கழற்றி மறுபடி தட்டையாக்கினால் மடிப்புகள் தளர்ந்துவிடும். ஆக, பியானோ என்றென்றும் பியானோவின் அளவிலேயே வீட்டில் இருக்கும்.

இந்த ஒப்பீட்டில்தான் விஷயம் பிடிபடுகிறது. லாபோவில் விலையுயர்ந்த பாகம் ஒருமுறை மட்டுமே பயன்படும். மடிக்காத தாள் ஒவ்வொன்றிலும் சில மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மடித்ததும் அது செலவாகிவிடுகிறது. வாணவேடிக்கை வாங்குவதுபோல். எஞ்சும் பொருளை வைத்து விலையை அளந்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த மணி நேரங்களை வைத்து அளந்தவர்கள் குறைசொல்லவில்லை. அவசரப்பட்ட ஒரு தகப்பன் பிள்ளை தூங்கிய பிறகு தானே எல்லாவற்றையும் மடித்து, காலையில் ‘இந்தா, விளையாடு’ என்று கொடுத்தால் அவர் பிள்ளைக்குக் கொடுத்தது பத்து டாலர் பகுதியை மட்டுமே.

ஒரு பகுதி இதற்கு விலக்கு. ‘டாய்கான் கராஜ்’ என்று கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் ஒரு சிறிய பட்டறை ஒளிந்திருக்கிறது. ‘இது நடந்தால்’ என்று ஒரு கட்டம், ‘அது நடக்கட்டும்’ என்று ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு. ஜாய்கானைக் குலுக்கினால் மணியடிக்கட்டும். கேமரா ஸ்டிக்கரைப் பார்த்தால் இன்னொரு ஜாய்கான் அதிரட்டும். ரப்பர் பேண்டுகளை அட்டையில் நீட்டிக் கட்டி அதைக் கிட்டாராக வாசித்துக் காட்டினார்கள். நிரல் எழுதுவது என்ற சொல்லே தெரியாமல் பிள்ளை நிரல் எழுதத் தொடங்கிவிடுகிறது. மடிப்பு தீர்ந்த பிறகும் தீராதது இது. நிண்டெண்டோவும் கடைசியில் இதைத்தான் காப்பாற்றி வைத்துக்கொண்டது: 2021 ஜூனில் வந்த கேம் பில்டர் கராஜ், இந்தப் பட்டறையை விரித்து அட்டையை முற்றிலும் விட்டுவிட்ட விளையாட்டு. விலை 29.99 டாலர். உடம்பை அசைத்து விளையாடும் யோசனை வேறு பக்கம் போனது. 2019 அக்டோபரில் வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர் ரோபோ தொகுப்பின் அதே 79.99 டாலருக்கு ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. ஒன்றும் மடிக்க வேண்டாம், தொப்பை குறையும் என்றால் பெரியவர்களே பணப்பையைத் திறந்துவிடுகிறார்கள்.

இன்றைக்கு வாங்கலாமா? கடைகளில் இது மீந்த சரக்கு அல்லது பழைய சரக்கு. கையில் இருப்பது ஸ்விட்ச் லைட் என்றால் நினைக்கவே வேண்டாம். அதில் ஜாய்கான் கழலாது, உடலும் சிறியது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இன் புதிய ஜாய்கான்களில் அகச்சிவப்புக் கேமராவே இல்லை. பழைய ஜாய்கானை இணைத்துக்கொண்டால்தான் பியானோ பாடும். மெய்நிகர்க் கண்ணாடிக்குள் அந்தப் பெரிய உடல் நுழையவே நுழையாது, அது ஒருவகையில் நல்லதுதான். பழைய ஸ்விட்சும், உட்கார்ந்து மடிக்கும் எட்டுப் பத்து வயதுப் பிள்ளையும், கூட உட்கார ஒரு பெரியவரும் இருந்தால் முதல் தொகுப்பையோ வாகனத் தொகுப்பையோ வாங்கலாம். அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரேஜில் கிடக்கும் பெட்டியே போதும்.

பிறர் பயன்படுத்தியதை வாங்கும்போது தாள்கள் மடிக்காமல் இருக்கின்றனவா, ஸ்டிக்கர்கள் முழுதாக இருக்கின்றனவா, கார்ட்ரிட்ஜ் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் பெருமையோடு, “உங்களுக்கு வேலையே வைக்கவில்லை, எல்லாவற்றையும் நாங்களே மடித்து வைத்திருக்கிறோம்” என்று சொன்னால், விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள்.